வெளியீடும் அரங்கேற்றமும்: அறிவியல் புனைகதையாளர் வாசகரைத் தேடும் வழி



மொழியியல் படித்த ஒருவனைப் பேச அழைத்தால் வேற்றுமை உருபைப் பற்றியோ புணர்ச்சியைப் பற்றியோ பேசுவான் என்று எதிர்பார்ப்பது இயல்பு. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. பதிப்பகத் துணையில்லாமல் அறிவியல் புனைகதை எழுதி, தம் பணத்திலேயே அச்சிட்டு, நூற்கட்டைத் தாமே சுமந்து சென்று, விற்று, வாசகரைச் சந்திக்கும் எழுத்தாளரின் வாழ்க்கையைப் பற்றிப் பேசப்போகிறேன். அவரைச் சுருக்கமாகத் 'தன்பதிப்பாளர்' என்று இப்பொழிவில் குறிப்பேன்.

இதில் மொழியியலாளனுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. ஒரு மொழியில் அறிவியலைப் பற்றிக் கதை சொல்ல முடியுமா என்பது, அம்மொழியில் அறிவியலை நினைக்க முடியுமா என்ற வினாவின் இன்னொரு வடிவம். அந்த வினாவுக்கான விடை, எழுத்தாளர் நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவர் முன்னால் நிற்கும்போதே தெரியவருகிறது. கலைச்சொல் அகராதியைப் புரட்டினால் அது கிடைக்காது. ஆகவே அந்தச் சந்திப்பை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதே இன்று என் பேச்சின் மையம்.

1. புரவலர், இரசிகர், வாசகர்

முதலில் சொற்களைப் பார்ப்போம். எழுத்தாளரின் எதிரே அமர்பவரைக் குறிக்க நம்மிடம் மூன்று சொற்கள் உள்ளன. காத்துப் பொருள் தருபவர் புரவலர். சுவைத்து மகிழ்பவர் இரசிகர். ஆனால் இன்றைய வழக்கில் அச்சொல்லைத் திரைப்படம் ஏறத்தாழ முழுமையாக எடுத்துக்கொண்டுவிட்டது. படிப்பவர் வாசகர். இம்மூவரும் ஒருவராகவே இருக்கலாம். ஆயினும் நம் நாட்டு நூல் வெளியீட்டு விழாவை நினைத்துப் பாருங்கள். மேடையில் தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை. பிறகு முதல் நூலைப் பெற்றுக்கொள்ளப் பெரியவர் ஒருவர் மேடையேறுகிறார். அவரைத் தொடர்ந்து மற்றவர்கள் வரிசையாக வந்து கடித உறையைக் கொடுத்து, நூலைப் பெற்று, படம் எடுத்துக்கொள்கிறார்கள். இறுதியில் எழுத்தாளர் ஐந்து நிமிடம் ஏற்புரை ஆற்றுகிறார். உணவுக்குப் பிறகு அவை கலைகிறது.

இவ்வழக்கத்தை நான் இகழவில்லை. மலேசியத் தமிழ் நூல்களில் பல இந்த உறைகளால்தான் அச்சகக் கடனிலிருந்து மீண்டன. கொடுத்தவர்களில் பலர் தம் வருவாய்க்கு மேலேயே கொடுத்தவர்கள். ஆனால் இவ்விழா உருவாக்குவது புரவலரை, வாசகரை அன்று. உறை கொடுத்து வாங்கிய நூல் திறக்கப்படாமலே அலமாரியில் நிற்பதை நாம் அனைவரும் அறிவோம். அந்நூலைப் பற்றி எழுத்தாளரிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

பழைய தமிழ் மரபில் இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சி உண்டு. அதன் பெயர் அரங்கேற்றம். தொல்காப்பியத்திற்குப் பனம்பாரனார் பாடிய சிறப்புப் பாயிரம், அந்நூல் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு ஐயமறத் தெரிவிக்கப்பட்டதாகக் கூறுகிறது. அங்கே மன்னன் இருந்தான், புரவலர் இருந்தார். ஆனால் நூல் ஏற்கப்பட்டதற்குக் காரணம், கேட்கத் தெரிந்த ஒருவர் கேட்டதும் ஆக்கியவர் விடை சொன்னதுமே ஆகும். நூல் வெளியே வருவது வெளியீடு. கேள்விக்கு முன் நின்று தேறுவது அரங்கேற்றம். இந்த வேறுபாட்டைப் பேச்சு முழுவதும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. கட்டுச் சுமந்தவர்

தன்பதிப்பாளர் என்பவர் இணையக் காலத்தில் தோன்றியவர் என்று சிலர் நினைக்கிறார்கள். தமிழுக்கு அவர் பழையவர். தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் படிகள் அச்சிடத் திட்டமிட்டு 1920இல் நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார் பாரதியார். மறு ஆண்டே மறைந்துவிட்டதால் அத்திட்டம் நிறைவேறவில்லை.

இதைவிட நம் பொருளுக்கு நெருக்கமானவர் சி. சு. செல்லப்பா. 1959 சனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கி 1970 வரை நடத்தியவர். 'எழுத்து பிரசுரம்' என்ற பெயரில் நூல்களையும் வெளியிட்டார். அந்நூல்களைக் கட்டாகக் கட்டித் தோளில் சுமந்து, கல்லூரி கல்லூரியாகச் சென்று, தமிழாசிரியர்களையும் மாணவர்களையும் பார்த்து விற்றார். எண்பதைக் கடந்த வயதில், 1997இல், 'சுதந்திர தாகம்' என்ற பெரிய நாவலை மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டார். 1998இல் மறைந்தார். அதே நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது 2001இல் வந்தது.

செல்லப்பா அறிவியல் புனைகதை எழுதியவர் அல்லர். ஆயினும் அவர் வாழ்க்கை நமக்கு ஒன்றைக் காட்டுகிறது. அவர் கல்லூரிகளுக்குச் சென்றது விற்பதற்காக மட்டுமன்று. புதுக்கவிதை என்றால் என்ன, திறனாய்வு என்றால் என்ன என்று அங்கே விவாதித்தார். அக்காலத்தில் அவ்வகை எழுத்துக்கு ஆயத்தமாக இருந்த வாசகர் மிகச் சிலர். வாசகரே இல்லாத வகைக்கு எழுத்தாளர் எழுதுவதோடு நிற்க முடியாது. வாசகரையும் அவரே உண்டாக்க வேண்டியிருக்கிறது. தமிழ் அறிவியல் புனைகதையின் நிலையும் இன்று ஏறத்தாழ இதுதான்.

மாணவர்களுக்காக ஒரு கணக்கும் சொல்கிறேன். எடுத்துக்காட்டுக்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். ஒரு நாவலை 500 படிகள் அச்சிட, படிக்குப் பன்னிரண்டு ரிங்கிட் வீதம் 6,000 ரிங்கிட் ஆகிறது என்று கொள்வோம். விலை 25 ரிங்கிட். எழுத்தாளரே நேரில் விற்றால் 240 படிகள் விற்றவுடன் முதல் திரும்பும். கடை வழியாக விற்று, கடைக்கு நூற்றுக்கு நாற்பது கழிவு கொடுத்தால் 400 படிகள் விற்க வேண்டும். தன்பதிப்பாளர் ஏன் பள்ளி மண்டபங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் மேசை போட்டு நிற்கிறார் என்பதற்கு இந்த 160 படிகளின் வேறுபாடே விடை. இந்தக் கணக்கில் பேருந்துக் கட்டணமும் தொடர்வண்டிக் கட்டணமும் இல்லை. அவர் செலவழித்த வார இறுதிகளும் இல்லை.

கணினி வந்தபின் சில சுமைகள் குறைந்தன. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1980களிலேயே உருவாக்கத் தொடங்கிய முரசு மென்பொருள், அச்சுக்கோப்பவரின் துணையின்றி எழுத்தாளரே தம் பக்கங்களை அமைக்க வழிவகுத்தது. 2016 இறுதியில் கிண்டில் தமிழ் நூல்களை ஏற்கத் தொடங்கியபின் அச்சுச் செலவே இல்லாமல் நூல் வெளியிடவும் முடிகிறது. ஆனால் அச்சு எளிதானதால் வாசகர் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. நூல்கள் பெருகப் பெருக, ஒரு நூல் கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது.

3. பிற மொழிகளில் நடந்தது

அறிவியல் புனைகதைக்கும் வாசகர் கூட்டத்துக்கும் உள்ள உறவு மற்ற இலக்கிய வகைகளில் காணாத அளவுக்கு நெருக்கமானது. அமெரிக்காவில் இயூகோ கெர்ன்சுபாக் 1926இல் 'அமேசிங் ஸ்டோரிஸ்' இதழைத் தொடங்கினார். அறிவியல் புனைகதைக்கென்றே ஆங்கிலத்தில் நடத்தப்பட்ட முதல் இதழ் அதுவே. வாசகர் கடிதங்களை வெளியிட்டபோது எழுதியவரின் முழு முகவரியையும் அச்சிட்டார். எளிய செயல்தான், ஆனால் விளைவு பெரிது. வாசகர்கள் ஆசிரியருக்கு எழுதுவதோடு நில்லாமல் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். ஊர்தோறும் வட்டங்கள் அமைந்தன. 1939இல் நியூயார்க்கில் ஏறத்தாழ 200 பேர் கூடி உலக மாநாடு என்று பெயரிட்டு ஒன்றை நடத்தினார்கள். அம்மாநாடு இன்றும் நடக்கிறது. 2023இல் சீனாவின் செங்டூ நகரில் நடந்தது.

தன்பதிப்பாளருக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஆண்டி வேயர். மென்பொருள் எழுதும் தொழிலில் இருந்தவர். செவ்வாய்க் கோளில் தனியாக விடப்பட்ட ஒருவரின் கதையை 2009 முதல் தம் வலைத்தளத்தில் பகுதி பகுதியாக, விலையில்லாமல் வெளியிட்டார். படித்தவர்களில் வேதியியலும் இயற்பியலும் அறிந்தவர்கள் இருந்தார்கள். இந்தக் கணக்கு தவறு, இந்த வினை இப்படி நிகழாது என்று எழுதினார்கள். அவர் திருத்தினார். பிறகு வாசகர்கள் கேட்டுக்கொண்டதால் 2011இல் கிண்டிலில், அங்கு வைக்கக்கூடிய மிகக் குறைந்த விலையான 99 சென்டுக்கு வெளியிட்டார். விற்பனை ஏறியதைக் கண்டு பெரிய பதிப்பகம் தேடி வந்தது. 2014இல் அச்சு நூல், 2015இல் திரைப்படம். பலரும் இக்கதையில் பணத்தைப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது அந்த முதல் இரண்டாண்டுகளை. வாசகர் கேட்டார், ஆக்கியவர் திருத்தினார். அதுவும் ஓர் அரங்கேற்றமே. அதங்கோட்டாசானின் இடத்தில் முகமறியாத பல நூறு பேர் இருந்தார்கள், அவ்வளவே.

இந்திய மொழிகளிலும் இத்தகைய நிகழ்ச்சிகள் உண்டு. அறிவியலறிஞர் சகதீச சந்திர போசு 1896இல் வங்காளத்தில் எழுதிய அறிவியல் கதை, ஒரு கூந்தல் எண்ணெய் நிறுவனம் நடத்திய போட்டிக்காக எழுதப்பட்டது. கடலில் எண்ணெய் ஊற்றிப் புயலை அடக்குவது அதன் கரு. வானியலறிஞர் செயந்து நார்லீகர் 1974இல் மராத்தி அறிவியல் பேரவை நடத்திய கதைப் போட்டிக்குத் தம் பெயரின் முதலெழுத்துகளைத் தலைகீழாக்கிய புனைபெயரில் கதை அனுப்பினார். உலகப் புகழ் பெற்றிருந்தும், கதை கதையாகவே மதிப்பிடப்பட வேண்டும் என்று விரும்பியிருக்கிறார். புகழுக்காகப் பாராட்டுவதும் படித்தபின் பாராட்டுவதும் ஒன்றல்ல என்பதை அவர் அறிந்திருந்தார்.

4. தமிழில் வாசகரைச் சுமந்தவை

தமிழில் அறிவியல் புனைகதையைப் பெருவாரியான மக்களிடம் கொண்டு சென்றவர் சுசாதா என்பதில் ஐயமில்லை. மின்னணுப் பொறியாளரான அவர் 1980களில் 'ஆனந்த விகட'னில் 'என் இனிய இயந்திரா' தொடரை எழுதினார். கதை நிகழும் காலம் 2021. அன்று தொலைவில் இருந்த அந்த ஆண்டை நாம் இப்போது கடந்தும் வந்துவிட்டோம். அக்கதையில் மாந்தர்களுக்கு ஈரெழுத்துப் பெயர்களே உண்டு: நிலா, சிபி, ரவி, மனோ. இயந்திர நாய்க்கும் ஈரெழுத்தே: சீனோ என்று நான் கிரந்தம் தவிர்த்து எழுதினாலும் உங்களுக்கு அது ஜீனோதான். பெயரின் நீளத்தையே அரசு கட்டுப்படுத்தும் ஒரு நாட்டைக் காட்ட அதைவிடச் சிக்கனமான வழி கிடைக்காது. 'சூனியர் விகட'னில் அவர் எழுதிய 'ஏன் எதற்கு எப்படி' கேள்வி பதில் பகுதி அறிவியலைப் பற்றி வாசகரைக் கேட்கப் பழக்கியது.

ஆனால் சுசாதா வாசகரைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. வார இதழ் அவருடைய வாசகரைச் சுமந்து வந்தது. சமையல் குறிப்புக்காகவும் நகைச்சுவைத் துணுக்குக்காகவும் இதழை வாங்கியவர்கள் பக்கம் புரட்டும்போது இயந்திர நாயைச் சந்தித்தார்கள். இன்றைய தன்பதிப்பாளருக்கு அந்த வாகனம் இல்லை.

நம் நாட்டிலும் அத்தகைய வாகனங்கள் இருந்தன. 1950இல் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோசி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். எழுத விரும்பியவர்களுக்கு இதழ் வழியாகவே பயிற்சி தரப்பட்டது. 1950களில் அதே இதழில் பணியாற்றிய கு. அழகிரிசாமி இலக்கியத்தைச் சுவைக்கக் கற்றுத்தந்தார். கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' மாணவர் மணிமன்றத்தை அமைத்தது. அதில் எழுதிப் பழகிய மாணவர்களே பின்னாளில் மலாயா, சிங்கப்பூர் இலக்கியத்தின் தூண்களானார்கள். அமெரிக்காவில் கெர்ன்சுபாக்கின் கடிதப் பக்கம் செய்த வேலையை இங்கே மணிமன்றம் செய்தது என்று சொன்னால் மிகையாகாது. எழுத்தாளர், வாசகர் என்ற எல்லையை இரண்டும் அழித்தன. 1924இல் பிறந்த 'தமிழ் நேசன்' 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. ஞாயிறு பதிப்புகளின் இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. 2018இல் தொடங்கிய 'அரூ' போன்ற மின்னிதழ்கள் தமிழ் அறிவியல் சிறுகதைப் போட்டிகளை நடத்தியிருப்பது ஆறுதலான செய்தி. ஆனால் அவற்றைத் தேடிச் சென்று படிப்பவர் ஏற்கெனவே வாசகரானவர். பள்ளி மேசையில் முதன்முறையாக நூலைத் தொடும் மாணவர் இன்னும் அங்கு வந்து சேரவில்லை.

5. விண்வெளி வீரர் சுவாசிப்பது எது?

இப்போது மொழியியலுக்கு வருகிறேன். ஒரு தமிழ் எழுத்தாளர் நிலவில் நிகழும் கதை எழுதுகிறார் என்று கொள்வோம். வீரரின் முதுகிலுள்ள உருளையில் காற்று குறைகிறது. அந்தக் காற்றின் பெயர் என்ன?

தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கில் அது ஆக்சிஜன். பழைய இதழ் வழக்கில் பிராணவாயு. இலங்கைப் பாடநூலில் ஒட்சிசன். மலேசியத் தமிழ்ப்பள்ளியில் உயிர்வளி. அவர் வெளிவிடும் காற்று முறையே கார்பன் டை ஆக்சைடு, கரியமிலவாயு, காபனீரொட்சைட்டு, கரிவளி. ஒரு பொருளுக்கு நான்கு பெயர்கள், நான்கும் தமிழே. தன்பதிப்பாளர் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் பட்டர்வொர்த்திலும் ஒரே நூலை விற்க விரும்புகிறார். எந்தச் சொல்லை எழுதுவது?

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சிறப்பு உண்டு. 'காபனீரொட்சைட்டு' முதலில் நாக்கைச் சுற்றும். ஆனால் காபன், ஈர், ஒட்சைட்டு என்று பிரித்தால் அதன் வேதியியல் அமைப்பே வெளிப்படும். இரண்டு என்னும் பொருளுடைய 'ஈர்' அங்கே தமிழாக நடுவில் நிற்கிறது. அயலொலியைத் தமிழ் எழுத்தால் எழுத வேண்டும் என்ற பழைய இலக்கண நெறியையும் அது காக்கிறது. 'கரிவளி' எளிது, இனிது. மூன்றாம் ஆண்டு மாணவருக்கும் புரியும். ஆனால் கரியின் எந்த வளி என்று வேதியியலார் கேட்டால் அச்சொல்லில் விடை இல்லை. கரியோர் உயிர்வளி, கரியீர் உயிர்வளி என்று பிரிக்க வேண்டிவரும். 'ஆக்சிஜன்' எங்கும் அறிமுகமானது. எனினும் அது எதையும் விளக்குவதில்லை.

நம் நாட்டில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தமிழ்ப்பள்ளிகளிலும் நடைமுறைக்கு வந்தது. 2009இல் அதைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டு, படிப்படியாக விலக்கப்பட்டது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் தொடங்கியபோது மீண்டும் அதே விவாதம் எழுந்தது. 2003இல் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைகள் இன்று முப்பதை ஒட்டிய வயதினர். அவர்களில் பலர் இப்போது ஆசிரியர்கள், பெற்றோர்கள். அவர்கள் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். ஆனால் உயிர்வளி என்ற சொல்லை அறிவியல் வகுப்பில் கேட்டவர்கள் அல்லர். தமிழில் அறிவியல் படித்தவர்களுக்கும் ஆறாண்டோடு அது முடிந்துவிடுகிறது. இடைநிலைப்பள்ளியில் அறிவியல் மலாயிலோ ஆங்கிலத்திலோ தொடர்கிறது.

இதை நான் ஓர் எழுத்தாளர் சந்திப்பில் நேரில் கண்டேன். நான்காம் படிவ மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, கரிவளி என்றால் கார்பன் டிஒக்சிடாதானே?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். சிரிக்க அதில் ஒன்றுமில்லை. அம்மாணவர் அந்த நொடியில் மலாயில் கற்ற அறிவியலையும் தமிழில் படித்த கதையையும் தம் மனத்துக்குள் இணைத்துக்கொண்டார். எந்தப் பாடநூலும் அவருக்கு அதைச் செய்யவில்லை. ஒரு கதை செய்தது. கதையை எழுதியவர் எதிரில் நின்றதால் உறுதியும் ஆயிற்று.

எழுத்தாளரும் அங்கே கற்கிறார். ஒரு பகுதியை உரக்கப் படிக்கும்போது எந்தச் சொல்லில் முகங்கள் சுருங்குகின்றன என்பது அவருக்குத் தெரிந்துவிடும். வீரர் மூச்சுத் திணறும் பக்கத்தில் புதிய சொல் ஒன்று முதன்முறையாக வந்தால் வாசகர் கதையை விட்டுவிட்டுச் சொல்லைத் தேடுவார். அதே சொல் இருபது பக்கம் முன்னதாக, உருளையை நிரப்பும் அமைதியான காட்சியில் வந்திருந்தால், நெருக்கடியில் அது பழகிய சொல்லாக ஒலிக்கும். அகராதி சொல்லுக்குப் பொருள் தருகிறது. கதை சொல்லுக்குப் பழக்கத்தைத் தருகிறது. 'ரோபோ' என்ற சொல்லையே பாருங்கள். 1920இல் செக்கு மொழியில் காரல் சாபெக்கு எழுதிய நாடகத்தின் வழியாக அது உலகுக்கு வந்தது. கட்டாய உழைப்பு என்ற பொருளுடைய 'ரோபோட்டா' அதன் வேர். தோட்டப்புறத்து முன்னோரின் வழிவந்த நமக்கு அந்த வேரின் கசப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. அச்சொல்லை உருவாக்கியது எந்தக் குழுவும் அன்று. ஒரு நாடகமும் அதைப் பார்க்க வந்தவர்களுமே.

தமிழ் எழுத்தாளருக்கு மட்டுமே உரிய இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். சிந்திக்கும் இயந்திரம் ஒன்று கதையில் பேசுகிறது. ஆங்கிலத்தில் வினைச்சொல் பேசியவரின் திணையைக் காட்டாது. தமிழிலோ முற்றுவினை வந்தவுடன் முடிவு செய்தாக வேண்டும்: சொன்னதா, சொன்னானா, சொன்னாளா, சொன்னாரா? உயர்திணை மக்களுக்கு உரியது என்கிறது தொல்காப்பியம். அப்படியானால் மனிதரைப் போலவே துயரப்படும் இயந்திரம் எத்திணை? ஆங்கில எழுத்தாளர் நூல் முழுவதும் ஒத்திவைக்கக்கூடிய மெய்யியல் கேள்வியைத் தமிழ் எழுத்தாளர் முதல் வாக்கியத்திலேயே சந்திக்கிறார். 'சொன்னது' என்று தொடங்கிய இயந்திரம் எந்தப் பக்கத்தில் 'சொன்னார்' ஆகிறது என்பதை வைத்தே ஒரு நாவல் எழுதலாம். திணைப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு இதைவிட உயிருள்ள எடுத்துக்காட்டு கிடைக்குமா? இக்கேள்வியை வகுப்பில் போட்டுப் பாருங்கள்; மணி அடித்தாலும் மாணவர் எழமாட்டார்கள்.

6. என்ன செய்யலாம்?

இதுவரை சொன்னவற்றிலிருந்து சில செயல்முறைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, எழுத்தாளரைப் பள்ளிக்கு அழைக்குமுன் நூலைப் படிக்க வையுங்கள். வகுப்புக்கு ஐந்து படிகள் வாங்கி, மாதம் முழுவதும் கை மாறிச் செல்லவிட்டால் போதும். படிக்காத முந்நூறு பேர் கூடிய மண்டபத்தைவிடப் படித்த முப்பது பேர் அமர்ந்த வகுப்பறையே எழுத்தாளருக்கு மதிப்பு.

இரண்டாவது, தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் ஒன்றாக அமருங்கள். கதையின் அறிவியலைச் சோதிக்க ஒருவர், மொழியைச் சோதிக்க ஒருவர். பல பள்ளிகளில் இவ்விருவரும் ஆசிரியர் அறையில் அருகருகே இருந்தும் பாடத்தில் சந்திப்பதில்லை. ஓர் அறிவியல் புனைகதை அவர்களைச் சந்திக்க வைக்கும்.

மூன்றாவது, மாணவர்கள் தமக்குப் புரியாத சொற்களைப் பட்டியலிட்டு எழுத்தாளரிடம் கொடுக்கட்டும். எந்தச் சொல் சூழலிலிருந்தே புரிந்தது, எது புரியவில்லை, அதற்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் தாம் அறிந்த சொல் எது என்று மூன்று பத்திகளில் எழுதினால் போதும். ஐந்நூறு படி அச்சிடும் தன்பதிப்பாளருக்குப் பெரிய பதிப்பகத்துக்கு இல்லாத ஒரு வசதி உண்டு: அடுத்த அச்சில் அவர் உடனே திருத்திவிடலாம். அத்தகைய பட்டியல்களை ஒரு மொழி மன்றம் தொகுத்தால், மாணவர் நாவில் எந்தக் கலைச்சொல் வாழ்கிறது என்ற நேரடிச் சான்று ஆய்வாளருக்குக் கிடைக்கும்.

நான்காவது, விழா நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். உறை கொடுக்கும் வழக்கம் இருக்கட்டும். அச்சகக் கடன் பொய்யன்று. ஆனால் வாழ்த்துரைகளில் மூன்றைக் குறைத்தால் அரைமணி நேரம் மிஞ்சும். அந்த அரைமணியை, நூலை முன்னரே படித்த இரண்டு மாணவர்களுக்கும் ஓர் அறிவியல் ஆசிரியருக்கும் கொடுங்கள். அவர்கள் கேட்கட்டும், எழுத்தாளர் விடை சொல்லட்டும். வெளியீடு அப்போது அரங்கேற்றமாகும்.

ஐந்தாவது, எழுத்தாளர்களுக்கு. கேள்வி கேட்பவரைப் பகைவராக எண்ணாதீர்கள். "நிலவில் ஒலி கேட்காதே, வெடிச்சத்தம் எப்படிக் கேட்டது?" என்று பன்னிரண்டு வயதுச் சிறுமி கேட்டால், அவர் உங்கள் நூலைக் கடைசிவரை படித்திருக்கிறார் என்று பொருள். அவரைப் போன்ற ஒரு வாசகருக்காகவே நீங்கள் அந்தக் கட்டைச் சுமந்தீர்கள்.

நிறைவாக, நம் இலக்கியத்தில் ஆற்றுப்படை என்றொரு வகை உண்டு. பரிசில் பெற்று வரும் பாணர், வழியில் எதிர்ப்படும் இன்னொரு பாணருக்கு, தாம் பெற்றதைச் சொல்லி வழிகாட்டுவார். பத்துப்பாட்டில் சரிபாதி இவ்வகையே. இலக்கிய மாணவர்கள் அதைப் புரவலரைப் புகழும் பாட்டு என்று தேர்வுக்குப் படிக்கிறீர்கள். அதன் அமைப்பைச் சற்று உற்றுப் பாருங்கள்: பெற்றவர் பெறாதவருக்கு வழி சொல்கிறார். விளம்பரத்துக்குப் பணமில்லாத தன்பதிப்பாளருக்கு உள்ள ஒரே வழி இதுதான். படித்த ஒருவர் படிக்காத ஒருவரிடம் சொல்வது. இன்று இங்கிருக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு தமிழ் அறிவியல் புனைகதை நூலைப் படித்து, அதைப் படித்த காரணத்தை ஒரு வகுப்புக்குச் சொன்னால், அந்த வகுப்பிலிருந்து சிலர் படிப்பார்கள். அவர்களில் ஒருவர் ஒருநாள் எழுதவும் தொடங்குவார். அவர் தம் கதையில் வீரருக்கு உயிர்வளியைத் தருவாரா, ஒட்சிசனைத் தருவாரா என்பதை அவரே முடிவு செய்துகொள்ளட்டும். தமிழில் மூச்சுவிடும் ஒருவரை அவர் நிலவுக்கு அனுப்பினால் போதும்.

இனி நீங்கள் கேளுங்கள். நான் விடை சொல்ல முயல்கிறேன்.